பொருள்வயிற் பிரிவும் பணத்தொழிலும்

(சடையங்குப்பத்தில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று பேசுமாறு காரியதரிசியார் எமக்குப் பணித்த விஷயம், பணத்தொழிலிற் புகுவோர் அதற்காகத் தம் சொந்த வாழ்விலிருந்து கொடுக்கும் விலை யாது என்பதாகும். பாங்கி, இன்ஷ்யூரன்ஸ், கணக்குத் தணிக்கை, பங்கு வியாபாரம், தவணைக்கடன் வசூல் ஆகிய யாவற்றையுஞ் சேர்த்தே பணத்தொழில் என்று இங்கே குறிப்பிடுகிறோம். இத்தொழில்களைப் பழிக்க வந்தோம் என்று எவரும் எண்ண வேண்டா. பழிப்பதற்கு நியாயமும் இல்லை. பழித்தால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும் நிலையில் நம் குடும்பங்களும் இல்லை. அத்தொழிலால் வரும் லாபம் ஊராருக்குத் தெரிகிறது. நஷ்டமோ வீட்டாருக்கு மட்டுந் தெரிகிறது. தெரியாத பக்கத்தையும் சபையில் வைத்துப் பார்ப்பது நலமென்றே பேசத் துணிந்தோம்.

நம் பாட்டன்மார் உப்பளத்திலும், வலையிலும், துறைமுகத்து மூட்டைகளுக்கு அடியிலுமாகக் காலங் கழித்தவர்கள். 1969இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கிய பின்னர், நம் தகப்பன்மாரிற் சிலர் ஆலைகளில் நிரந்தர வேலையும், பலர் ஒப்பந்தக் கூலி வேலையும் பெற்றார்கள். பூண்டி ஏரி நிரம்பிக் கொசஸ்தலையாற்றில் நீர் திறந்துவிடப்படும்போதெல்லாம் நம் ஊரைச் சூழ வெள்ளம் நிற்பது நீங்கள் அறியாததன்று. 2023 டிசம்பர்ப் புயலின்போது அவ்வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரையிற் படர்ந்தது. வலைகளும் படகுகளும் பாழாயின. இவ்வாறிருக்க, வணிகவியல் படித்துத் தேறிய ஒரு பிள்ளை பாங்கியில் அமர்ந்தான் என்றால் பெற்றோர் மனம் குளிர்வதில் வியப்பென்ன? சங்கமும் அவனுக்கு மாலையிடுகிறது. இந்தச் சஞ்சிகையில் அவன் படத்தை அச்சிடுகிறது. இவை யாவும் தகுந்தனவே. ஆனால், மாலையிட்ட நாளுக்குப் பின் அவன் எவ்வாறிருக்கிறான் என்று கேட்கும் வழக்கம் நம்மிடத்தில் இல்லை. மூன்று வருஷங் கழித்து அவனுடைய கண் குழிந்திருப்பதையும், அவன் தாயார் இரவு பதினொரு மணிக்குச் சோற்றை மூடி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருப்பதையும் எந்தச் சஞ்சிகையும் அச்சிடுவதில்லை.

பொருள் தேடுவதற்காக வீட்டை விட்டுப் பிரிதல் தமிழர்க்குப் புதிதன்று. நமது பழைய இலக்கணம் அதற்கு ஒரு பெயரே இட்டிருக்கிறது: பொருள்வயிற் பிரிவு. ஓதுதற்பொருட்டுப் பிரிவது, பகைமேற் செல்வது, தூது போவது, பொருளுக்காகப் பிரிவது எனப் பிரிவுகளை வகுத்துக் கூறிய தொல்காப்பியனார் அவ்வளவோடு நிற்கவில்லை. அவற்றிற்குக் கால எல்லையும் கட்டினார். கல்விக்காகப் பிரிந்தவன் மூன்றாண்டுக்கு மேற்படலாகாது. அரசன் காரியமாய்ப் பிரிந்தவன் ஓராண்டுக்குள் மீளவேண்டும். ஏனைய பிரிவுகளுக்கும் அவ்வோராண்டே எல்லை என்பது கற்பியலிற் கண்ட விதி. சங்கச் செய்யுட்களில் வரும் தலைவன் கார்காலத்திற்குள் வருவேன் என்று சொல்லிவிட்டே போகிறான். முதல் மழை பெய்தும் அவன் வரவில்லையேல் தலைவிக்குக் கேட்கும் உரிமை பிறக்கிறது.

இதிலுள்ள நுட்பத்தைக் கவனிக்க வேண்டுகிறோம். போகாதே என்று நம் முன்னோர் சொல்லவில்லை. பொருளின்றி இல்லறம் நடவாது என்பதை அவர்கள் நன்கறிவார்கள். போகிறவன் திரும்பும் நாளைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்பதே அவர்கள் கொள்கை. யாம் இன்று சொல்ல வந்ததும் இதுவே. பணத்தொழிலின் கொடுமை அதன் கடுமையில் இல்லை, எல்லையின்மையில் இருக்கிறது.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் ஊரை அடுத்து பர்மா நகர் என்று ஒரு பகுதி இருக்கிறது. நாள்தோறும் அப்பெயரை உச்சரிக்கிறோம்; அதன் பின்னேயுள்ள சரித்திரத்தை நினைப்பதில்லை. பர்மா தேசம் என்றால் தமிழரின் பணத்தொழில் தன் உச்சத்தையும் வீழ்ச்சியையும் கண்ட இடமாகும். அதை நடத்தியவர்களுள் முதன்மையானவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார்கள். அவர்கள் வேறு சமூகத்தாராயினும், அவர்கள் அனுபவம் தமிழர் யாவர்க்கும் பாடமாதலால் அதனைச் சற்று விரித்துரைக்கிறோம்.

1852இல் ஆங்கிலேயர் கீழ்ப்பர்மாவைக் கைப்பற்றினார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. அதன் பின்னர் பர்மா அரிசிக்கு உலகச் சந்தை ஏற்பட்டது. ஐராவதி நதியின் கழிமுகத்துக் காடுகளை வெட்டிக் கழனியாக்கிய குடியானவர்களுக்கு முதல் தேவைப்பட்டது. வெள்ளைக்கார பாங்கிகள் அவர்களிடம் நெருங்கவில்லை, நகரத்தார்கள் நெருங்கினார்கள். 1930ஆம் ஆண்டு வாக்கில் அந்நாட்டில் சுமார் 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன என்றும், அவற்றிற் புரண்ட முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். அக்காலத்து 75 கோடி என்றால் எவ்வளவு என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறோம்.

அவ்வளவு பெரிய தொழிலைக் கடல் கடந்து நடத்தியவர்கள் யார்? முதலாளிகள் பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே இருந்தார்கள். கடையை நடத்தியவர்கள் சம்பளத்திற்குப் போன ஏஜெண்டுகள். மீசை அரும்புமுன் ஒரு பிள்ளை பெட்டியடிப் பையனாகக் கப்பலேறுவான். கணக்கும் கடிதமும் பழகி அடுத்தாளாவான். நம்பிக்கை பிறந்தபின் மேலாளாவான். கொண்டுவிற்கப் போதல் என்பது அவர்கள் வழக்கு. போகும் தவணை மூன்று வருஷம். மூன்று வருஷத்துக்குரிய சம்பளத்தைப் பேசி, அதில் ஒரு பகுதியைப் புறப்படுமுன்பே வீட்டுச் செலவுக்குக் கொடுத்துவிடுவார்கள். மீதியும், லாபத்திற் சேரவேண்டிய பங்கும் ஊர் திரும்பிக் கணக்கு ஒப்புவித்த பின்னரே கிடைக்கும். தவணை முடியுமுன் அடுத்த ஏஜெண்டு வந்து பேரேடுகளைச் சரிபார்த்து, ஐந்தொகை எடுத்து, கடையைக் கையேற்றுக்கொள்வார். பழையவர் கப்பலேறி வீடு வந்து சேர்வார். சில காலம் ஊரில் தங்கிய பிறகே மறு தவணைப் பேச்சு எழும்.

மனைவி மக்கள் உடன் போகும் வழக்கமில்லை. கிட்டங்கி என்ற நீண்ட கட்டடத்தில், ஒருவர் பெட்டிக்கு அடுத்து ஒருவர் பெட்டியாய்ப் பகலெல்லாம் உட்கார்ந்து கடன் கொடுத்து வட்டி எழுதி, இரவில் அங்கேயே பாய் விரித்துப் படுப்பார்கள். இவ்வாறு ஐந்து தவணை போய்வந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். இருபது வயதுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்ட இருபத்தைந்து வருஷத்தில் பதினைந்து வருஷம் அவர் வீட்டில் இல்லை. முதற்பிள்ளை பிறந்தபோது ரங்கூனில் இருந்தார். அது நடக்கத் தொடங்கியபோது ரங்கூனில் இருந்தார். வந்து நின்றபோது அந்தப் பிள்ளை, இவர் யார் என்று தாயின் சேலைக்குப் பின் ஒளிந்திருக்கும். தகப்பனார் காலமான தந்தி கிடைத்துப் புறப்பட்டாலும் கருமாதி முடிந்த பிறகே வந்து சேர்வார்.

வீட்டிலிருந்த ஆச்சிமார் பாடு என்ன? பெரிய வீட்டையும், மாமியாரையும், குழந்தைகளையும், விசேஷங்களையும் அவர்களே தாங்கினார்கள். தம் சீர்ப்பணத்தை வட்டிக்குப் போட்டு வைக்கும் திறமையும் அவர்களுக்கிருந்தது. ஆச்சிமார் பணம் என்று கணக்கில் தனியே எழுதப்படும் அளவுக்கு அது வளர்ந்தது. ஆனால், அவர்கள் தனித்திருந்த வருஷங்களுக்கு எந்தப் பேரேட்டிலும் பற்றும் இல்லை, வரவும் இல்லை. இன்று காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் பர்மாத் தேக்குத் தூண்களைப் பார்த்து வியப்பவர்கள், அத்தூண்களின் விலையில் இதையும் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

இவ்வளவு கடுமையிலும் ஒரு நன்மை இருந்தது. தவணை என்று ஒன்று இருந்தது. மூன்று வருஷம் என்பது வீட்டிலிருந்தவளுக்கும் தெரியும், போனவனுக்கும் தெரியும். நாள் எண்ணுவதற்கு ஒரு முடிவு இருந்தது. திரும்பி வந்தவன் உண்மையிலேயே திரும்பி வந்தான். ரங்கூன் கடையின் பெட்டிச் சாவி அப்போது வேறொருவன் இடுப்பில் இருந்தது.

அத்தொழில் பின்னர் அடைந்த கதியையும் மறைக்கலாகாது. 1930ஐ ஒட்டி உலகெங்கும் விலைகள் சரிந்தபோது நெல் விலையும் விழுந்தது. குடியானவர்களால் கடனைக் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலங்கள் கடைகளின் கைக்கு வந்தன. கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில், 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த நகரத்தார் நிலம் 1938க்குள் நூற்றுக்கு 25 பங்காயிற்று. அவர்கள் வேண்டியது நிலமன்று, ரொக்கம். ஆயினும், நிலத்தை இழந்தவன் அந்த வேற்றுமையைப் பார்ப்பானா? பர்மியர் மனத்தில் ஆறாத பகை மூண்டது. 1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பானியர் ரங்கூன்மீது குண்டு வீசினார்கள். 1942 மார்ச்சில் நகரம் விழுந்தது. சுமார் ஐந்து லக்ஷம் இந்தியர் அத்தேசத்தை விட்டு ஓடிவந்தனர். மலை வழியாயும் காட்டு வழியாயும் நடந்தவர்களுள் பல்லாயிரம் பேர் வழியிலேயே மாண்டார்கள். சுதந்திர பர்மா 1948இல் நிலத்தைத் தேசவுடைமையாக்கச் சட்டஞ் செய்தது. 1963இல் பாங்கிகளும், 1964இல் கடைகளும் அரசாங்கத்தின் வசமாயின. அதன் பின்னர்க் கப்பல் கப்பலாய்ச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியவர்களிற் பெரும்பாலோர் லேவாதேவிக்காரர்கள் அல்லர். சிறு கடைக்காரர்களும் உழைப்பாளிகளுமே. லாபத்தில் பங்கு பெறாதவர்களும் நஷ்டத்தில் பங்கு பெற்றார்கள். பர்மா நகர் என்ற பெயர் நம்மருகில் நின்று சொல்லும் செய்தி அது.

நிற்க. இப்போது நம் காலத்திற்கு வருவோம்.

இன்று நம் பிள்ளைகள் கப்பலேறவில்லை. பஸ்ஸிலும் மெட்ரோ ரயிலிலும் ஏறி, நகரத்தின் வடகோடியிலிருந்து தென்கோடிக்குப் போய்வருகிறார்கள். அமெரிக்க பாங்கிகளின் கணக்குகளை இங்கிருந்தே பார்க்கும் காரியாலயங்கள் பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கின்றன. அமெரிக்காவில் பகலாயிருக்கும்போது இங்கே இரவு. ஆதலால் நம் பிள்ளைக்கு இரவே பகல். விடியற்காலையில் வந்து படுக்கிறான். குழந்தை பள்ளிக்குப் போகும்போது தூங்குகிறான். குழந்தை வரும்போது குளித்துப் புறப்படுகிறான். உள்ளூர் பாங்கியில் இருப்பவனுக்கோ கதவடைத்த பிறகும் வேலை முடிவதில்லை. இன்ஷ்யூரன்ஸ் இத்தனை விற்க வேண்டும், வைப்புத்தொகை இத்தனை சேர்க்க வேண்டும் என்ற இலக்கு, கைப்பேசி வழியே சோற்றுத் தட்டு வரைக்கும் வந்துவிடுகிறது. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென்று அறிவித்தபோது, அந்த டிசம்பர் 30 வரையில் பாங்கிச் சிப்பந்திகள் பட்ட பாட்டை வரிசையில் நின்ற நாமெல்லோரும் கண்ணாற் கண்டோம். கௌன்டருக்குப் பின்னிருந்தவர்களுக்கும் வீடு உண்டென்பதை அப்போது எத்தனை பேர் நினைத்தோம்?

இருசக்கர வண்டியில் தெருத்தெருவாய்ச் சென்று தவணைக்கடன் வசூலிக்கும் இளைஞர்கள் நம் பகுதியிலேயே பலர். கடன்பட்டவரைக் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போனில் அழைத்து வசூல் கேட்கலாகாது என்று ரிஸர்வ் பாங்கி 2022இல் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. கடன்பட்டவனுக்கு ஒரு மணிக்கணக்கு ஏற்பட்டது. வசூலிப்பவனுக்கு யார் மணிக்கணக்கு ஏற்படுத்துவார்?

ஆகவே, வீட்டிலேயே இருந்துகொண்டு ரங்கூனில் வாழ்பவர்கள் இக்காலத்துப் பணத்தொழிலாளர் என்று சொல்லலாம். பழைய ஏஜெண்டு மூன்று வருஷம் போனான். மிச்சக் காலம் முழுதும் வீட்டில் இருந்தான். இவர்களோ ஒரு நாளும் போகவில்லை. ஒரு நாளும் திரும்பவுமில்லை. இவர்களுடைய தவணைக்கு முடிவு எழுதப்படவில்லை.

இதனால் விளையும் நஷ்டங்களை மூன்றாகப் பகுத்துக் கூறுவோம்.

முதலாவது தேக நஷ்டம். உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் சேர்ந்து 2021இல் ஒரு கணக்கை வெளியிட்டன. வாரத்திற்கு 35 முதல் 40 மணி வேலை செய்பவர்களைக் காட்டிலும், 55 மணிக்கு மேல் வேலை செய்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் நூற்றுக்கு 35 பங்கும், இருதய நோயால் மாளும் அபாயம் நூற்றுக்கு 17 பங்கும் அதிகம் என்பது அவர்கள் கண்டது. நீண்ட நேர வேலையால் விளைந்த மரணங்கள் 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 7,45,000 என்றும் கணித்தார்கள். 2013இல் லண்டன் பாங்கி ஒன்றில் கோடைக்காலப் பயிற்சிக்குச் சேர்ந்த 21 வயது மாணவர் இறந்தபோது மேல்நாட்டார் திடுக்கிட்டார்கள். அயர்ச்சிதான் காரணம் என்று விசாரணையில் உறுதிப்படவில்லை. எனினும் 2015இல் வேறொரு பெரிய பாங்கி, பயிற்சி மாணவர்கள் நள்ளிரவு முதல் காலை 7 மணி வரையில் காரியாலயத்தில் இருக்கலாகாது என்று விதித்தது. ஒரு நாளைக்கு 17 மணி நேரம் என்பதே அங்கே சலுகையாகி விட்டதைப் பாருங்கள்! நம் தேசத்திலும் 2024இல், புனே நகரத்தில் கணக்குத் தணிக்கை வேலையிற் சேர்ந்து நான்கே மாதத்தில் இறந்த ஓர் இளம்பெண்ணின் தாயார் எழுதிய கடிதத்தை நாடெங்கும் வாசித்தார்கள். வேலைப்பளுவே காரணமென்று தாயார் எழுதினார். கம்பெனியார் அதை ஏற்கவில்லை. எது எவ்வாறாயினும், பெற்ற மகளின் பட்டமளிப்புக்கு மகிழ்ந்த தாய் அவள் மறைவுக்குக் கடிதம் எழுத நேர்வது எக்குடும்பத்திற்கும் வரவேண்டா.

இரண்டாவது குடும்ப நஷ்டம். இதில் பெரும்பங்கைப் பெண்கள் செலுத்துகிறார்கள். உத்தியோகம் பார்ப்பவன் ஆணானால் அவன் மனைவி, குழந்தைக்குத் தாயும் தகப்பனுமாய் இருக்கிறாள். உத்தியோகம் பார்ப்பவள் பெண்ணானாலோ காரியாலயக் கணக்கும் அடுப்படிக் கணக்கும் அவள் தலைமேலேயே விழுகின்றன. பதவி உயர்வு வந்தால் வடநாட்டுக்கு மாற்றல் வரும் என்று அஞ்சி, உயர்வே வேண்டாமென்று எழுதிக் கொடுக்கும் பெண்கள் பாங்கிகளில் உண்டு. அவர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். வீட்டின் ஐந்தொகையைத் தாமே தனித்துப் போட்டுப் பார்த்தவர்கள். அந்தக் கணக்கில் கணவன்மாரும் கூட உட்கார்ந்திருந்தால் விடை வேறாயிருக்கக் கூடும் அன்றோ?

மூன்றாவது மன நஷ்டம். இதுவே எல்லாவற்றிலும் மறைவானது. நாள் முழுதும் பிறர் பணத்தை எண்ணுகிறவனுக்கு, மனிதரையும் தொகையாகவே எண்ணும் பழக்கம் மெல்ல வந்துவிடும். ப. சிங்காரம் இளமையில் சுமத்ராவின் மேடான் நகரத்தில் ஒரு லேவாதேவிக் கடையில் வேலை பார்த்தவர். அவரது 'கடலுக்கு அப்பால்' நாவலில், பினாங்குக் கடையில் வளர்ந்த செல்லையா என்ற பிள்ளை நேதாஜியின் படையிற் சேர்ந்து திரும்பி வருகிறான். பட்டாளத்துக்குப் போனவன் வட்டிக்கடைக்கு ஆகமாட்டான் என்று முதலாளி தீர்த்து விடுகிறார். அவர் மகள்மேல் அவன் வைத்த அன்பும் கைகூடவில்லை. அந்த முதலாளி கொடியவர் அல்லர். தொழிலின் கணக்குத் தவிர வேறு கணக்கு அவர் கைக்கு வரவில்லை, அவ்வளவே.

இப்பழக்கம் முற்றினால் நேர்மையையும் அரிக்கும். சென்னைக் கடற்கரையில் பெரும்பேர் பெற்று விளங்கிய அர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபர் 22ஆம் தேதி கதவடைத்த கதை பெரியவர்கள் அறிந்ததே. உள்ளே பல வருஷமாய் நஷ்டம் இருந்தும் வெளியே வைப்புத்தொகை வாங்கிக்கொண்டே இருந்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. லண்டன் பங்காளி ரயிலின் முன் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டார். சர் ஜார்ஜ் அர்பத்நாட் 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். அந்த இடிபாட்டின் படிப்பினையாலேயே வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயன்று 1907இல் இந்தியன் பாங்கியை ஏற்படுத்தினார்கள். நஷ்டத்தை மறைப்பவன் முதலில் பிறர்க்கு மறைக்கிறான். பிறகு தனக்கே மறைக்கிறான். கம்பெனியின் நஷ்டத்திற்குச் சொன்ன இது, ஒருவன் தன் தேகத்திலும் வீட்டிலும் அடைந்த நஷ்டத்திற்கும் பொருந்தும்.

இதைக் கேட்டு ஒரு பெரியவர் எழுந்து, "ஐயா, இதெல்லாம் வயிறு நிறைந்தவன் பேச்சு, கடன் கழுத்தை நெரிக்கும்போது வேலையின் கடுமையைப் பார்க்க முடியுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வீட்டுக்குள் முழங்கால் அளவு வெள்ளம் வந்த குடும்பத்திடம் போய் ஓய்வைப் பற்றி உபதேசம் செய்வது பரிகாசமாகும். ஆதலால் வேலையை விடுங்கள் என்று யாம் சொல்லவில்லை. இரவில் கடலுக்குப் போகிற வாழ்க்கையையும் நம் முன்னோர் சுகமென்று ஏற்கவில்லை, தேவையென்று ஏற்றார்கள். ஆனால், கடலுக்கும் ஓர் எல்லை உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் 61 நாள் விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டிக் கிடக்கின்றன. மீன்குஞ்சு பிழைக்க வேண்டுமென்று அரசாங்கம் விதித்த தடை அது. மீனுக்குக் கொடுக்கும் 61 நாளை நாம் பெற்ற பிள்ளைக்குக் கொடுக்கலாகாதா?

மேலும், வறியவனுக்கே எல்லை அதிகம் வேண்டும். செல்வன் மகன் சலித்துப்போனால் வேலையை விட்டு வீட்டில் இருப்பான். நம் பிள்ளை நோயுற்று விழுந்தால் அவனோடு வீடே விழும். முதல் அவன் தேகந்தான். முதலைத் தின்று வட்டி கொடுப்பவன் எத்தனை நாள் கடை நடத்துவான்?

ஆதலின், சில யோசனைகளைச் சபைமுன் வைக்கிறோம்.

வேலையில் சேருமுன் தவணையை எழுதிக்கொள்ள வேண்டும். எதற்காகப் போகிறோம்? கடன் தீரவா, தங்கை விவாகத்திற்கா, வெள்ளம் ஏறாத மட்டத்திற்கு வீட்டை உயர்த்திக் கட்டவா? அதற்கு எத்தனை வருஷம் வேண்டும்? இரண்டையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். தவணை முடிந்த நாளன்று மறுபடி உட்கார்ந்து பேசுங்கள். தொடரலாம், குறைக்கலாம், வேறு தொழிலுக்கு மாறலாம். எதைச் செய்தாலும் பேசிச் செய்ததாயிருக்கட்டும்.

அத்தாளில் உத்தியோகஸ்தன் மட்டும் கையெழுத்திட்டால் போதாது. விலையைச் செலுத்தப் போகிற மனைவியும் தாயும் சம்மதிக்க வேண்டும். கணவனைக் கேளாமல் மனைவி ஒரு கடனுக்குக் கையெழுத்திட்டால் நாம் குற்றஞ் சொல்லுகிறோம். மனைவியின் பத்து வருஷத்தை அவளைக் கேளாமலே அடகு வைப்பதை மட்டும் ஏன் குற்றமென்று சொல்லுவதில்லை?

வருஷத்திற்கு ஒருமுறை, பொங்கலுக்கு வீடு கூட்டி மெழுகும்போது, குடும்பத்தின் ஐந்தொகையையும் எடுக்க வேண்டும். சேர்ந்த பணம் எவ்வளவு என்பதோடு, தேகம் எப்படியிருக்கிறது, பிள்ளையோடு உண்ட வேளை எத்தனை, தவறவிட்ட விசேஷங்கள் எத்தனை, சொல்ல வெட்கப்படத்தக்க காரியம் ஏதேனும் செய்ய நேர்ந்ததா என்பவற்றையும் கேட்டு எழுத வேண்டும். வரவில் மாத்திரம் கண்வைத்து ஐந்தொகை எடுக்கும் கணக்கனை எந்த முதலாளியும் வைத்துக்கொள்ள மாட்டான்.

பெண் பார்க்கவும் பிள்ளை பார்க்கவும் வருகிறவர்கள் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார் என்றும் கேட்கத் தொடங்க வேண்டும். இக்கேள்வி நம் சமூகத்தில் வழக்கமாகிவிட்டால், மற்ற யோசனைகளிற் பாதி தாமே நிறைவேறும்.

கடைசியாக, நமது சங்கம் செய்யத்தக்கது ஒன்று உண்டு. உத்தியோகத்திற்குப் போகிறவனுக்கு மாலையிடும் நாம், தவணை முடித்துத் திரும்புகிறவனுக்கும் மாலையிடப் பழக வேண்டும். தாங்கமுடியாத வேலையை விட்டுவந்தவனைத் தோற்றவன் என்று திண்ணையில் பேசுவது நம்மிடமுள்ள கெட்ட வழக்கம். அப்பேச்சுக்கு அஞ்சியே பலர் நோயை மறைத்து வேலைக்குப் போகிறார்கள். அப்படிப்பட்டவருக்கு மறு வேலை கிடைக்கும் வரையில் ஆறு மாத காலம் வீட்டுச் செலவுக்கு வட்டியின்றிக் கொடுத்துதவ ஒரு சிறு நிதியைச் சங்கம் ஏற்படுத்தக் கூடுமா என்பதைக் காரியக் கமிட்டியார் ஆலோசிக்குமாறு வேண்டுகிறோம். கோடி ரூபாய் வேண்டியதில்லை. அங்கத்தினர் ஒவ்வொருவரும் மாதத்திற்கு ஒரு நாள் தேநீர்ச் செலவைக் கொடுத்தாலே தொடங்கலாம். பணத்தொழில் கற்ற நம் பிள்ளைகளே அந்நிதியின் கணக்கை எழுதட்டும். அவர்கள் கற்ற வித்தை தங்கள் சொந்தத்தாரைக் காக்க முதலில் உதவட்டும்.

இளைஞர்களே! தாராளமாய்ப் போங்கள், நன்றாய்ச் சம்பாதியுங்கள், குடும்பத்தைத் தூக்கி நிறுத்துங்கள். பழந்தமிழ்த் தலைவன் கார்காலத்தைக் குறித்துச் சொல்லிச் சென்றதுபோல, நீங்களும் ஒரு நாளைக் குறித்துச் சொல்லிவிட்டுப் போங்கள். குறித்த நாள் வந்ததும் வீட்டார் உங்களைக் கேட்பார்கள். கேட்பது அவர்கள் உரிமை, பதில் சொல்வது உங்கள் கடமை.